ஒரே உலை, நான்கு தட்டு: எடை குறையவும் வயிறு ஒத்துக்கொள்ளவும் வீட்டுச் சமையலை மாற்றும் முறை

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். மகளுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பிக்கொண்டு வலிக்கிறது. பாட்டிக்குக் கோதுமை ஆகாது. இப்படிப்பட்ட வீடுகள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. அங்கெல்லாம் முதலில் எடுக்கப்படும் முடிவு, ஆளுக்கொரு சமையல். அது நீடிப்பதில்லை. சமைப்பவர் ஓய்ந்துபோகிறார். தனிக் கிண்ணத்தில் வரும் பத்தியச் சாப்பாட்டைப் பார்த்து, அதைச் சாப்பிட வேண்டியவரின் முகமும் சுருங்குகிறது. ஒரு மாதத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

தனிச் சமையல் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. தமிழ்ச் சமையலின் அமைப்பைக் கவனியுங்கள். காயும் பருப்பும் புளியும் முதலில் வேகின்றன. தேங்காய் விழுது, தயிர், நெய், முந்திரி, பெருங்காயம் மணக்கும் தாளிப்பு ஆகியவை கடைசியில் வந்து சேர்கின்றன. கலோரி ஏறுவதும், பலருக்கு ஒத்துக்கொள்ளாத பொருள்கள் உள்ளே நுழைவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி ஐந்து நிமிடங்களில்தான். ஆகவே எல்லோருக்கும் ஒரே உலை வைக்கலாம். கடைசிக் கட்டத்துக்கு முன்னால் பங்கைப் பிரித்து எடுத்துவிடலாம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வழியைப் பற்றியதுதான்.

முதல் படி: எது ஆகவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

அடுப்படிக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ‘எனக்குக் கோதுமை ஆகாது’ என்று சொல்பவர்களில் பலர் பரிசோதனை எதுவும் செய்துகொண்டதில்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இருக்கிறதா என்பதை முதலில் இரத்தப் பரிசோதனை மூலம் பார்க்கிறார்கள். அந்தப் பரிசோதனை சரியான முடிவைத் தர வேண்டுமானால், அதுவரை நீங்கள் கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். அதனால் சப்பாத்தியை நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

பால் விஷயத்திலும் இரண்டு வேறு நிலைமைகள் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். வயது ஏற ஏறப் பலருக்கு அது குறைந்துவிடுகிறது. தென்னிந்தியர்களிடையே இது மிகவும் சாதாரணம். வயிறு உப்புவதும் வாயு சேர்வதும் பேதியாவதும் இதனால் வருபவை. தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை. பால் புரதத்துக்கு ஏற்படும் ஒவ்வாமை வேறு. தோல் தடிப்பது, உதடு வீங்குவது, மூச்சு இறுகுவது என்று அது வரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். வேர்க்கடலை, இறால், நண்டு, முட்டை, எள் ஆகியவற்றாலும் இப்படி ஏற்படலாம். இந்த வகை ஒவ்வாமை இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், ‘கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்’ என்ற சோதனையை வீட்டில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

லாக்டோஸ் சந்தேகத்தை மட்டும் பெரியவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வயிறு என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிறகு ஒரு தம்ளர் பால் குடித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே நிறுத்த வேண்டும். பாலையும் கோதுமையையும் வெங்காயத்தையும் ஒன்றாக நிறுத்தினால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் எதையும் நிறுத்தக் கூடாது. காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம், விடாத இரத்தசோகை ஆகியவை இருந்தால், உணவை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாம் படி: அளக்கும் பழக்கம்

கைப்பழக்கத்தில் ஊற்றும் எண்ணெய்தான் எடை குறைப்பின் பெரிய எதிரி. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி; மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மில்லி, சுமார் 120 கலோரி. ஏறக்குறைய 90 கிராம் சாதம் தரும் கலோரி அது. எண்ணெய்க் குடுவையைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டு, 5 மில்லி தேக்கரண்டி ஒன்றை அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கலோரி உண்பவரின் ஒரு நாள் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. காய்கறியும் கீரையும் 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராம். இதை மளிகைக் கணக்காக மாற்றிப் பாருங்கள். நாளைக்கு 27 கிராம் என்றால் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் எண்ணெய் வரும். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டில் எத்தனை லிட்டர் இருக்கிறது? எண்ணெய் விஷயத்தில் இதைவிட நேர்மையான கணக்கு வேறில்லை. எடை குறைக்க வேண்டியவர்கள் இருக்கும் வீட்டில் மூன்று லிட்டருக்குள் நிறுத்தப் பாருங்கள்.

அரிசியையும் ஒரு வாரம் எடைபோட்டுச் சமையுங்கள். 100 கிராம் பச்சை அரிசியில் சுமார் 350 கலோரி உண்டு. சாதமான பிறகு அது இரண்டரை முதல் மூன்று மடங்கு எடைக்கு வரும். எடை குறைப்பவருக்கு ஒரு வேளைக்கு 50 முதல் 60 கிராம் அரிசியின் சாதம் போதும். கேட்கும்போது குறைவாகத் தெரியும். தட்டில் காய் ஏறிவிட்டால் அந்தக் குறை தெரியாது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சாதத்துக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டால் இளைக்கலாம் என்ற நம்பிக்கை வேரோடிப் போயிருக்கிறது. 30 கிராம் மாவில் செய்த சப்பாத்தி ஒன்று, எண்ணெய் இல்லாமலேயே 100 கலோரி. எண்ணெய் தடவிய மூன்று சப்பாத்தி எந்த வகையிலும் சாதத்துக்குக் குறைந்ததில்லை. சிறுதானியமும் அப்படித்தான். தினை, சாமை, வரகு, கேழ்வரகு எல்லாவற்றிலும் 100 கிராமுக்கான கலோரி ஏறக்குறைய அரிசியின் அளவே. நார்ச்சத்து கூடுதல் என்பதால் சீக்கிரம் நிறைவு வரும். அந்த ஒரு காரணத்துக்காக அவற்றைச் சேர்க்கலாம். ஆனால் சாமை என்ற பெயரில் இரண்டு தட்டு பொங்கல் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

மூன்றாம் படி: பிரிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

விதி எளிது. மாற்றினால் யாருக்கும் ருசி குறையாத பொருளை வீடு முழுவதற்கும் மாற்றிவிடுங்கள். மாற்றினால் ருசி மாறும் பொருளாக இருந்தால், அதைச் சேர்ப்பதற்கு முன் பங்கைப் பிரியுங்கள்.

மேலே சொன்ன குடும்பத்தின் ஒரு மதியச் சமையலை எடுத்துக்கொள்வோம்: நான்கு பேருக்கு முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், ரசம், மோர்.

சாம்பாருக்கு வழக்கமாக 100 கிராம் துவரம்பருப்பு போடுவீர்கள் என்றால் 150 கிராம் போடுங்கள். 100 கிராமில் ஆளுக்கு ஐந்தரை கிராம் அளவு புரதம்தான் கிடைக்கும். 150 கிராமில் எட்டைத் தாண்டும். எடை குறைப்பவருக்குப் பசி தாங்க வேண்டுமானால் புரதம் வேண்டும். நீர்த்த சாம்பாரை அதிகச் சாதத்தில் பிசைந்து உண்பதைவிட, கெட்டியான சாம்பாரை அளவான சாதத்தோடு உண்பது எவ்வளவோ மேல். காய்களை இரட்டிப்பாக்குங்கள். இரண்டு முருங்கைக்காயோடு கத்தரிக்காயும் பூசணியும் சேரட்டும்.

தாளிப்புக்கு மொத்தமாக இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். சின்ன வாணலியில் அல்லது தாளிப்புக் கரண்டியில் தாளித்தால் இந்த அளவிலேயே கடுகு நன்றாக வெடிக்கும். அகலமான வாணலி எண்ணெயைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அடுத்தது பெருங்காயம். கடையில் கிடைக்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அது அச்சாகியிருக்கும். சீலியாக் நோயாளிக்கு அந்தச் சிட்டிகையும் கேடு. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. ருசியில் வேறுபாடு இல்லை என்பதால் வீடு முழுவதற்கும் அதையே வாங்கிவிடுங்கள்.

அரைக் கிலோ பீன்ஸைத் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். அப்பாவின் பங்கை எடுத்த பிறகு தேங்காய்த் துருவல் போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி துருவலில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். உண்மைதான், அதில் 20 கலோரி அளவுதான். ஆனால் நம் வீடுகளில் பொரியலுக்கு ஒரு கைப்பிடி, கூட்டுக்கு விழுது, சட்னிக்கு அரை மூடி என்று ஒரே நாளில் தேங்காய் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 100 கிராம் தேங்காயில் 33 கிராம் கொழுப்பு, 350 கலோரி. ஒரு நாளில் ஒரு பண்டத்தில் மட்டும் தேங்காய் என்று வைத்துக்கொண்டால், அதைச் சேர்ப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ரசத்தில் எதையும் மாற்ற வேண்டாம். நெய்யில் தாளிப்பவர்கள் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே மகளுக்கும் அது ஒத்துக்கொள்ளும். பால் புரத ஒவ்வாமை உள்ளவருக்கு மட்டும் கூடாது. மோரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நன்றாக உறைந்த தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை ஏற்கெனவே செரித்துவிட்டிருக்கும். பால் ஆகாத பலர் மோரைத் தாராளமாகக் குடிக்கிறார்கள். கொஞ்சமாகத் தொடங்கிப் பாருங்கள். காப்பியில் விடும் சிறிதளவு பாலும் பலரைப் படுத்துவதில்லை. பால்கோவா, பாசந்தி போன்ற சுண்டக் காய்ச்சியவைதான் படுத்தும்.

நான்காம் படி: எண்ணெய் குடிக்கும் பண்டங்கள்

வத்தக்குழம்புக்கு ஆறு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றுவது பல வீடுகளின் வழக்கம். 700 கலோரிக்கும் மேல் அது. எண்ணெய் மேலே மிதக்கும்படி வைத்ததற்குக் காரணம் உண்டு: குழம்பை நாலு நாள் வைத்துச் சாப்பிட அந்தப் படலம் உதவியது. இன்றே சாப்பிட்டு முடிக்கும் குழம்புக்கு அது தேவையில்லை. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயத்தை உப்புப் போட்டு, மூடிவைத்து, சிறுதீயில் வதக்குங்கள். வெங்காயம் தன் நீரிலேயே வெந்து இனிக்கும். பிறகு புளிக்கரைசலை ஊற்றிச் சுண்டவிடுங்கள்.

வாழைக்காய், சேனை, உருளைக்கிழங்கு வறுவலுக்கு, முதலில் இட்லிப் பானையில் முக்கால் பதம் ஆவியில் வேகவையுங்கள். மசாலா புரட்டி, பழகிய இரும்புக் கல்லில் துண்டுகளைப் பரப்பி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயைச் சுற்றிலும் விட்டுத் திருப்பிப் போட்டு முறுகவிடுங்கள். மீன் துண்டுக்கும் இதே கல்தான், துண்டுக்கு ஒரு தேக்கரண்டி. குருமாவில் தேங்காயைப் பாதியாக்கி, ஒரு கரண்டி பொட்டுக்கடலையும் வெந்த காய்களில் ஒரு கைப்பிடியும் சேர்த்து அரைத்தால் கெட்டித்தன்மை குறையாது. அப்பளத்தைத் தணலில் சுடலாம்.

வடையை மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெயில்லா வடை என்று பணியாரக்கல்லில் வார்ப்பது வேறொரு பண்டம். அதைத் தின்றவருக்கு வடை ஆசை தீர்வதில்லை. பண்டிகைக்கு நல்ல வடை சுட்டு இரண்டு சாப்பிடுவதே சரி.

இரவுச் சட்னிக்கு மாற்று நம்மிடம் ஏராளம். பீர்க்கங்காய்த் தோல் துவையல், சுட்ட கத்தரிக்காய்த் துவையல், கொத்தமல்லித் தக்காளிச் சட்னி எல்லாவற்றுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

சர்க்கரை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எதை மாற்றினாலும் எடை குறையாது. காப்பியில் இரண்டு கரண்டி போடுபவர் ஒன்றாகக் குறைப்பதுதான் பயன்.

ஐந்தாம் படி: கோதுமை மறைந்திருக்கும் இடங்கள்

சீலியாக் நோய் உறுதியானால் கோதுமையை முற்றிலும் விலக்க வேண்டும். ரவை, மைதா, சேமியா, சம்பா கோதுமை எல்லாம் ஒரே கோதுமைதான் என்பதை வீட்டுக்கு வருபவர்களுக்கும் சொல்லிவையுங்கள். ‘ரவை உப்புமா சாப்பிடலாமே’ என்று அன்போடு பரிமாறிவிடுவார்கள். பார்லியிலும் குளூட்டன் உண்டு. அது சேர்ந்த சத்துமாவுப் பானங்கள், சோயா சாஸ், கடையில் வாங்கும் பஜ்ஜி மாவு ஆகியவற்றின் பாக்கெட்டுகளையும் படித்துப் பாருங்கள்.

மாவு மில்லைப் பற்றிப் பலரும் நினைப்பதே இல்லை. முந்தைய ஆளின் கோதுமை அரைபட்ட இயந்திரத்தில் உங்கள் கேழ்வரகு அரைபட்டால், அதில் கோதுமை கலந்துதான் வரும். பாட்டிக்கான கேழ்வரகையும் அரிசியையும் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். கோதுமை தோசை வார்த்த கல்லில் அவருக்கு தோசை வார்க்காதீர்கள். அவருக்கென ஒரு தனிக் கல் வாங்குங்கள். தனிச் சமையல் வேண்டாம் என்று சொன்ன நான், தனிப் பாத்திரம் வேண்டும் என்று சொல்லும் ஒரே இடம் இதுதான். இந்தியாவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று முத்திரையிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அளவு அவ்வளவு சிறியது என்பதால்தான் இத்தனை கண்டிப்பு.

இட்லி, இடியாப்பம், ஆப்பம், அடை, புட்டு என்று கோதுமை இல்லாமலேயே நம் காலையும் இரவும் நிறைந்துவிடும். இந்த நோய்க்கு இவ்வளவு தோதான சமையல் உலகில் குறைவு.

ஆறாம் படி: வெங்காயம், பூண்டு, பருப்பு படுத்தும் வயிறு

குடல் எரிச்சல் நோய் உள்ள சிலருக்கு வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து ஆகாது. வெங்காயம் கடைசியில் சேர்வதில்லை, தொடக்கத்திலேயே வதங்கிவிடும். ஆகவே பிரிக்கும் உத்தி இங்கே எடுபடாது. ஆனால் ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுச் சிவக்க வறுத்து, பூண்டை முழுவதுமாக எடுத்து எறிந்துவிட்டால், மணம் எண்ணெயில் தங்கிவிடும். அதில் தாளிக்கலாம். குழம்பில் பூண்டைப் போட்டுக் கொதிக்கவிட்டு எடுப்பது பயன்படாது. ஃபிரக்டான் அதற்குள் நீரில் இறங்கியிருக்கும். வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பெருங்காயம் மீதி மணத்தைத் தரும். வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் காலங்காலமாக உண்டு. அவர்களுடைய அரைத்துவிட்ட சாம்பாரும் மிளகுக் கூட்டும் இங்கே நமக்குப் பாடம்.

பருப்பில் பாசிப்பருப்பைச் சிறிய அளவில் தொடங்குங்கள். கடலை வகைகளை இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால் வாயு ஓரளவு குறையும்.

ஏழாம் படி: இரண்டு தேவைகளும் மோதும்போது

மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இது. ஆகாத பொருளுக்கு மாற்றாக நாம் கொண்டுவருவது, பல நேரங்களில் எடையை ஏற்றும் பொருளாக இருக்கிறது. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் விடுகிறோம். 100 மில்லி பசும்பாலில் 65 கலோரி இருந்தால், கெட்டித் தேங்காய்ப்பாலில் 200 அளவுக்கு இருக்கும். கிரேவியில் தயிருக்குப் பதில் முந்திரி அரைக்கிறோம். கோதுமையை நிறுத்திவிட்டு முறுக்கும் சீடையும் கொறிக்கிறோம்.

ஆகவே மாற்றுப்பொருளைத் தேடும்போது, விலக்கிய பொருள் எதைத் தந்தது என்று கேளுங்கள். பால் சுண்ணாம்புச் சத்தைத் தந்தது. தேங்காய்ப்பாலில் அது சொற்பம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் நல்ல வழிகள். மகளுக்குக் காலையில் மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ், வாரம் இருமுறை முருங்கைக்கீரைப் பொரியல் என்று வைத்தால் சுண்ணாம்புச் சத்தும் சேரும், கலோரியும் ஏறாது. பருப்பு ஆகாதவருக்கு இழப்பு புரதம். முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி அதை ஈடுசெய்யும். முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம். சைவம் என்றால் தயிரும் பனீரும். கோதுமையை நிறுத்தியவருக்கு இழப்பு நார்ச்சத்து. சாமை, வரகு, கீரை அதை ஈடுகட்டும்.

எட்டாம் படி: கண்காணிப்பு

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் எடை பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது நல்ல வேகம். இடுப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவ அளவு. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் சாதத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிய பிறகே சாதத்தைக் குறையுங்கள். சிறுநீரக நோயாளிகள் பருப்பைக் கூட்டும் என் யோசனையைப் பின்பற்றக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் எடைக் குறைப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

சமைப்பவரின் தட்டு

இந்தக் கணக்குகளிலெல்லாம் விடுபட்டுப்போகிறவர், சமைக்கும் பெண். எல்லோரும் உண்ட பிறகு உட்கார்ந்து, மிஞ்சிய பொரியலையும் குழந்தை வைத்த அரைத் தோசையையும் ‘வீணாகக் கூடாது’ என்று வாயில் போட்டுக்கொள்கிறார். அவருக்கு எடை ஏறுகிறது. ஆனால் காயும் பருப்பும் அவருக்குப் போதிய அளவு மிஞ்சுவதில்லை. இதை நான் பல வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். இதற்கு இரண்டு ஏற்பாடுகள் செய்யுங்கள். பங்கு பிரிக்கும்போதே சமைத்தவரின் தட்டிலும் காயும் பருப்பும் அளந்து வைத்து மூடிவிடுங்கள். மிஞ்சியதற்கு மூடி போட்ட ஒரு டப்பா ஒதுக்குங்கள்; ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகட்டும், மறுநாள் காலை மீதிப் பொரியலை அடை மாவில் கலந்து வார்க்கலாம். ஒரு வாரம் டப்பா நிறைந்துகொண்டே வந்தால், அரிசியை ஒரு கைப்பிடி குறைத்துப் போடுங்கள்.